தலையணை உறைக்குள் ஒரு விடைத்தாள்

பொங்கலுக்கு வாங்கி மீந்துபோன வெல்லத்தைக் கெடாமல் வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்த முறை மோர் மிளகாய் போடுவது பற்றி எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். மோர் மிளகாய்க்கு இன்னும் வெயில் ஏறவேண்டும், அது காத்திருக்கும். அதற்குள், மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் புளி பதப்படுத்துவதிலிருந்து நாத்தனார் மனஸ்தாபம் வரை எல்லாம் உங்களிடம் சொல்லியாகிவிட்டது. இதை மட்டும் மறைப்பானேன்?

என் பெரியவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2025 மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்தபோது கணக்கில் 94 வாங்கியிருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். காய்கறி வண்டிக்காரர் "கத்திரிக்கா எவ்வளவும்மா?" என்றால், "அரைக் கிலோ, எங்க பொண்ணு கணக்குல தொண்ணூத்தி நாலு" என்று சொல்லாத குறைதான்!

பர்ஸ்ட் குரூப்தான் என்று முடிவு செய்ததும் நான்தான். அவளைக் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. "என்னடி, கணக்கு குரூப்தானே?" என்று கேட்டேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் அது கேள்வியா, கட்டளையா என்பது கேட்ட எனக்கும் தெரியும், தலையாட்டிய அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1997இல் நான் பத்தாவது முடித்தேன். கணக்கில் 83. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. பிளஸ் ஒன் சேரவேண்டுமென்றால் தினமும் பஸ் ஏறிக் கும்பகோணம் வரவேண்டும். "வயசுப் பொண்ணு, இருட்டினப்புறம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறதாவது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த 83 என் டிரங்குப் பெட்டியில் மார்க் ஷீட்டாகக் கிடக்கிறது. கல்யாணமாகி அதே கும்பகோணத்துக்கே வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. என் பெண் வாங்கிய 94, என் 83க்கு வந்த வட்டி என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி. காலையில் எழுந்ததும் "அம்மா, வயிறு பிசையுது" என்பாள். இட்லியைத் தொடமாட்டாள். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பூச்சி மருந்தும் வாங்கிக் கொடுத்தாயிற்று. சனி, ஞாயிறு வந்தால் வலி போன இடம் தெரியாது. மருந்து கேட்கிறது என்று நினைத்தேன். அந்த வலி பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வந்தது என்பதையும், வெள்ளிக்கிழமைதான் கணக்கு வகுப்பில் டெஸ்ட் என்பதையும் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் எத்தனை சிலிண்டர், எத்தனை லிட்டர் பால் என்று கணக்கு வைத்துக்கொள்ளத் தெரிந்த எனக்கு இந்தக் கணக்கு விட்டுப்போயிற்று.

அக்டோபரில் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தலையணை உறைகளைத் துவைக்கக் கழற்றியபோது அவள் தலையணைக்குள் காகிதம் மொரமொரத்தது. இழுத்துப் பார்த்தால் காலாண்டுப் பரீட்சைக் கணக்கு விடைத்தாள். 90க்கு 31. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. என்னைவிட அழகாகவே போட்டிருந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக விடைத்தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிற்று. முதுகில் ஒன்று வைத்துவிட்டேன், சகோதரிகளே. பதினாறு வயசுப் பெண்ணை! என் மாமியார்தான் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தோளுக்கு மேல வளர்ந்த புள்ளைய அடிக்காதே. மார்க்கு போனா வரும், புள்ள மனசு போனா வருமா?" என்றார்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு மேல் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். "மார்க்கு போகட்டும்டி. கையெழுத்தை ஏன் போட்டே? எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன். வெகு நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"முப்பத்தி ஒண்ணுன்னு சொன்னா, எதிர்வீட்டு அத்தை கேட்டா நீ என்ன சொல்வேன்னு யோசிச்சேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் பயந்தது அடிக்கு அல்ல. தெரு முழுக்க நான் கொடுத்த சர்க்கரைக்கு!

மறுநாள் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்? இந்த வருஷத்திலேருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கிடையாது. அடுத்த வருஷம் பிளஸ் டூவுல பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்ன தகவல் சரிதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அவர் சொன்ன சமாதானம் சரியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. (நானேதான் சொன்னேன். இனி மறைத்து என்ன?) அவர் உடனே, "கவலைப்படாதே. நம்ம ஊரு ராமானுஜனே காலேஜ்ல பெயிலானவர்தானே!" என்றார். கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இருக்கிறது. டவுன் ஹைஸ்கூலில் அவர் படித்தார். 1904இல் ஸ்காலர்ஷிப்போடு இங்கேயே கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறி, அந்த ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1905இல் வீட்டைவிட்டே விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். தாயார் கோமளத்தம்மாள் எப்படித் தவித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதை நான் என் பெண்ணிடம் ஆறுதலாகச் சொன்னபோது அவள் பட்டென்று, "அவர் கணக்குல பெயிலாகலைம்மா. மத்த பாடத்துலதான். நான் கணக்குலயேதான் போயிட்டேன்" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

சிரித்த முகத்தைப் பார்த்த தைரியத்தில், "உண்மையைச் சொல்லு, கணக்கு குரூப் பிடிக்கலையா? வேணும்னா மாத்திக்கலாம். அம்மாவுக்காகப் படிக்க வேண்டாம்" என்று கேட்டேன். இந்த முறை நிஜமாகவே கேள்வியாகத்தான் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "பிடிக்குதும்மா. பிடிக்கலேன்னா மறைச்சிருக்கவே மாட்டேன். இதான் சாக்குன்னு காட்டியிருப்பேன்" என்றாள்.

சரி, அப்படியானால் இந்த விடைத்தாளை ஒழுங்காகப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அதுவரை நான் பார்த்திருந்தது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்த அந்த 31ஐ மட்டும்தான். உள்ளே புரட்டவே இல்லை. கணக்கு தெரியாதவள் புரட்டி என்ன பார்ப்பது என்ற எண்ணம். ஆனால் கணக்கு தெரியாத அம்மாவும் பார்க்கக்கூடியது நிறையவே இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன்.

கேள்வித்தாளின் அமைப்பை முதலில் அவளையே சொல்லச் சொன்னேன். மொத்தம் 90 மார்க். ஒரு மார்க் கேள்விகள் 20. இரண்டு மார்க்கில் 10 கேள்வி, அதில் 7 எழுதினால் போதும். மூன்று மார்க்கிலும் அதேபோல் 10க்கு 7. ஐந்து மார்க்கில் 7 கேள்வி. ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று இரண்டு இருக்கும். ஆக 20, 14, 21, 35. இதுபோக, பள்ளியிலேயே போடும் அகமதிப்பீடு 10. வருகைப் பதிவு, வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, மன்ற நடவடிக்கை எல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம்.

பிறகு பகுதி பகுதியாகக் கூட்டினேன். ஒரு மார்க்கில் 9. இரண்டு மார்க்கில் 8. மூன்று மார்க்கில் 6. ஐந்து மார்க்கில் 10. மொத்தம் 33 வந்தது. மறுபடி கூட்டினேன், 33தான். மளிகைக் கடைச் சீட்டைச் சரிபார்த்துப் பழகிய கையாயிற்றே! கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த ஒரு இரண்டு மார்க் விடை கூட்டலில் விட்டுப்போயிருந்தது. "இதைக் கவனிச்சியா?" என்றேன். "கவனிச்சேன். கேட்டா எல்லார் முன்னாடியும் என் மார்க்கு தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன்" என்றாள். பாருங்கள், வெட்கம் இரண்டு மார்க்கைக்கூட விழுங்கிவிடுகிறது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஐந்து மார்க் பகுதியில் நான்கு கேள்விக்கு நம்பர் மட்டும் போட்டு இடம் விட்டிருந்தாள். ஒரு வரிகூட இல்லை. தப்பாக எழுதிப் போன மார்க் கொஞ்சம்தான். எழுதாமலே விட்டது இருபது மார்க்!

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சண்டை போடப் போகவில்லை. "டீச்சர், எனக்குக் கணக்கு தெரியாது. நீங்க என்ன எதிர்பார்க்கறீங்கன்னு சொன்னா வீட்டுல அதைக் கவனிச்சுப்பேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். விட்டுப்போன இரண்டு மார்க்கைக் காட்டியதும் டீச்சர் உடனே திருத்திக் கையெழுத்துப் போட்டார். "இதை அவளே வந்து காட்டியிருக்கலாமே! ஐம்பது பேப்பர் திருத்தறப்போ எனக்கும் கண் தப்பும்மா" என்றார். கையெழுத்து விஷயத்தையும் நானே சொன்னேன். அவர் அவளைத் திட்டவில்லை. "இனிமே உன் அம்மாவுக்கு அந்த வேலையை விட்டுடு" என்றார், அவ்வளவுதான்.

பத்தாவதில் 94 வாங்கிய பெண் எப்படி இவ்வளவு கீழே விழுந்தாள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், இந்த வருஷம் பிளஸ் ஒன்னில் பிள்ளையைச் சேர்க்கப்போகிற தாய்மார்களுக்கு உதவும்.

பத்தாவதில் 100 மார்க்கில், வடிவியல் படம் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மார்க்கு, கை பழகினாலே வந்துவிடும். புத்தகத்துக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் நிறைய வரும். பிளஸ் ஒன்னில் அப்படிக் கைக்குள் வந்துவிடுகிற பகுதி கிடையாது. சார்புகள், முக்கோணவியல், சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம் என்று முதல் தொகுதியிலேயே புதுசு புதுசாக வரும். பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் வரப்போகிற நுண்கணிதத்துக்கு இதெல்லாம் அஸ்திவாரம். மனப்பாடம் இதில் பாதி வழிக்குத்தான் துணை வரும்.

உதாரணத்துக்கு ஒரு கேள்வியைக் காட்டினார். கொசைன் 15 டிகிரியின் மதிப்பைக் காணச் சொல்லியிருந்தது. என் பெண் விட்டிருந்தாள். "புத்தகத்துல சைன் 75 டிகிரிதான் போட்டுப் பார்த்தேன்" என்றாள். டீச்சர் சொன்னார்: "எழுபத்தஞ்சையும் பதினஞ்சையும் கூட்டு. தொண்ணூறு வருதா? ரெண்டு கோணம் சேர்ந்து தொண்ணூறு ஆனா, ஒண்ணோட சைனும் இன்னொண்ணோட கொசைனும் ஒரே மதிப்புதான். நீ படிச்ச விடையேதான் இது. பேரை மாத்திக் கேட்டதும் தெரியாத ஆள்னு நினைச்சுட்டே." புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்த சொந்தக்காரியை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பின மாதிரி என்று எனக்குத் தோன்றிற்று.

இரண்டாவது, வெற்று இடம். "ஐந்து மார்க் கணக்குல விடைக்கு மட்டும் ஐந்து மார்க் இல்லைம்மா. சூத்திரம் எழுதினா அதுக்கு உண்டு. எண்களைச் சரியா பொருத்தினா அதுக்கு உண்டு. வழி சரியா இருந்து கடைசியில கூட்டல் தப்பினா ஒண்ணோ ரெண்டோதான் போகும். நாங்க படிப்படியாத்தான் திருத்தறோம். வெற்றுத் தாளுக்கு நான் எதைத் திருத்தறது?" என்றார் டீச்சர். இவள் தலைகுனிந்து, "தப்பா எழுதினா அசிங்கமா இருக்கும்னு விட்டேன் டீச்சர்" என்றாள். சரியாக வந்தால்தான் காட்டுவது, இல்லையென்றால் மூடி வைப்பது. அந்தப் பழக்கம் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

மூன்றாவதாக, இவர் சொன்ன பொதுத்தேர்வு சமாதானத்தையும் கேட்டுவிட்டேன். டீச்சர் சிரித்தார். முன்பெல்லாம் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாதபோது, பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்களாம். அங்கே மார்க் கொட்டும். கல்லூரிக்குப் போனதும் பிள்ளைகள் திணறும். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னையும் பொதுத்தேர்வு ஆக்கினார்கள். இப்போது அது எடுபட்டுப்போயிற்று. "பரீட்சைதான் போச்சு, பாடம் போகலை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ கணக்கை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50, 50க்கும்தான் எடுக்கறாங்க. பிளஸ் ஒன் மார்க்கை யாரும் கேக்கப்போறதில்லை. ஆனா பிளஸ் ஒன் தெரியாம பிளஸ் டூ கணக்கு வராது. அதனால இந்த வருஷத்தை நல்லா தப்பு பண்ணிக் கத்துக்கற வருஷமா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

தப்பு பண்ணிக் கத்துக்கற வருஷம்! அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கோலத்தில் புள்ளி தப்பினால் அழித்துவிட்டுப் போடுகிறோம். முதல் தோசை யார் வீட்டில் வட்டமாக வருகிறது?

கிளம்பும்போது டீச்சர் ஒரு யோசனை சொன்னார். "தினமும் அரை மணி நேரம் அவளை உங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க. அவ எங்க தடுமாறுறாளோ, அங்கதான் அவளுக்குப் புரியலைன்னு அவளுக்கே தெரிஞ்சிடும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ராத்திரி காய் நறுக்கும் நேரம் எங்கள் கணக்கு வகுப்பு. முதல் பாடம் சேர்ப்பியல். அவள் இரண்டு சூத்திரங்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். "எதுக்கு எதை உபயோகிக்கறது?" என்று கேட்டேன். திணறினாள். எதிரே முறத்தில் கத்திரிக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், பூசணி, வாழைக்காய் என்று ஐந்து காய் இருந்தது. "இதுல மூணு காயை எடுத்து ஒரே அவியல் பண்ணணும். எத்தனை விதமா எடுக்கலாம்?" என்றேன். அவள் எழுதிப் பார்த்து 10 என்றாள். "சரி, இதே அஞ்சுல ஒண்ணைச் சாம்பாருக்கும், ஒண்ணைப் பொரியலுக்கும், ஒண்ணைக் கூட்டுக்கும் வைக்கணும். இப்ப எத்தனை?" என்றேன். சாம்பாருக்கு ஐந்தில் ஒன்று, பொரியலுக்கு மீதி நான்கில் ஒன்று, கூட்டுக்கு மூன்றில் ஒன்று. பெருக்கினால் 60.

"ஏன்டி, அதே அஞ்சு காய், அதே மூணு எடுக்கறோம். அங்க பத்து, இங்க அறுபதா?" என்று நான் நிஜமாகவே புரியாமல் கேட்டேன். அவள் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா! அவியல்ல எது முன்னாடி எது பின்னாடின்னு கிடையாது. இங்க எந்தக் காய் எதுக்குன்னு இருக்கு. மூணு காயை மூணு பாத்திரத்துல ஆறு விதமா மாத்தி வைக்கலாம். அதான் ஆறு மடங்கு! இதுக்குத்தான் அந்த சூத்திரத்துல ஆறால வகுக்கறாங்களா!" என்று கத்தினாள். மாமியார் என்னமோ ஏதோவென்று எழுந்து வந்துவிட்டார். அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்த நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது.

எல்லா நாளும் இப்படி நடந்துவிடவில்லை. சில நாள் இரண்டு பேரும் அடுப்படியிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்டு. முக்கோணவியலில் எனக்கு இன்றுவரை ஒன்றும் ஏறவில்லை. அவள் சொல்வாள், நான் "உம்" கொட்டுவேன். நான் கொட்டுகிற "உம்"மில் உயிர் இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டியா?" சாயங்காலம் கேட்பது: "எதை விட்டே, எதை எழுதிப் பார்த்தே?" மார்க் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஓமத் தண்ணீர் பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை நடந்தது. பள்ளி திறந்து பேப்பர் கொடுத்த அன்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என் கையில் கொடுத்தாள். 90க்கு 52. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடவில்லை. இரண்டு கணக்கில் வழி முழுக்கத் தப்பு, அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று கணக்கில் விடை வராமலே படிகளுக்கு மார்க் வாங்கியிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "தொண்ணூறுக்கு அம்பத்திரண்டுதானா?" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். முழுங்குவது சுலபமாக இல்லை. பேனாவை வாங்கி என் கையெழுத்தைப் போட்டேன். "உன்னளவுக்கு அழகா வரலை, பரவாயில்லையா?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

என் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன்.

குறைந்த மார்க் ஆபத்தில்லை. மறைத்த மார்க்தான் ஆபத்து. ஜுரம் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் காட்டுகிறது. ஜுரம் ஏறியிருக்கிறதே என்று தெர்மாமீட்டரை யாராவது அடிப்பார்களா? ஆனால் பிள்ளை வாங்கிய மார்க்குக்கு நாம் அதைத்தான் செய்கிறோம். பிறகு அது தலையணைக்குள் ஒளிந்துகொள்கிறது.

விடைத்தாளின் முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். கணக்கு தெரியாவிட்டாலும் கூட்டிப் பாருங்கள். எங்கே தப்பு, எங்கே வெற்றிடம் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஜூன் மாதமே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எதற்கு எத்தனை மார்க், அகமதிப்பீடு எப்படி, டெஸ்ட் என்றைக்கு, வீட்டில் எவ்வளவு நேரம் போட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியாமல் நாமாக ஒரு எதிர்பார்ப்பைப் பிள்ளை தலையில் ஏற்றிவைப்பது பெரிய பாவம்.

பரீட்சை நாளில் மட்டும் வருகிற வயிற்று வலி, தலைவலி, தூக்கமின்மை இருந்தால், டாக்டரிடம் காட்டுவதோடு பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை ரொம்பவும் ஒடுங்கிப்போனால், சாப்பாடு தூக்கம் இல்லாமல் இருந்தால், தயங்காமல் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் 104லும் ஆலோசனை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பழைய மார்க் ஷீட்டை அவளிடம் காட்டினேன். அந்த 83ஐ வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இவ்வளவு கணக்கு வருமாம்மா? அப்ப நீயும் எங்கூட சேர்ந்து இந்த வருஷ பாடத்தை முடிச்சிடேன்" என்றாள். இப்போது ஈருறுப்புத் தேற்றத்தில் இருக்கிறோம். நான் கொஞ்சம் மந்தம்தான். டீச்சர் கோபக்காரியில்லை, படிக்கு மார்க் போடுகிறாள்.

உங்கள் வீட்டு விடைத்தாள் கதைகளையும் எழுதுங்கள். அடுத்த இதழில் கட்டாயம் மோர் மிளகாய்!